ஆயுதத்துக்குச் சந்தனம், ஆளுக்குப் பொரி

மகாளய அமாவாசை கழிந்த மறுநாளிலிருந்து தமிழ்நாட்டில் பொருள்களுக்கு நல்ல காலம் பிறக்கிறது. மனிதர்களுக்கு என்று நான் சொல்லவில்லை; பொருள்களுக்கு. வருடம் முழுக்க மண்டையில் தட்டித் தட்டி ஓடவைத்த மிக்ஸிக்குக் குளியல் நடக்கிறது. கிரைண்டர் அடியில் காய்ந்து கிடக்கும் பழைய மாவைக் கத்தி முனையால் சுரண்டி எடுக்கிறார்கள். ஒன்பதாம் நாள் எல்லாவற்றுக்கும் சந்தனம், அதன் மேல் குங்குமம், ஒரு துண்டுக் கதம்பம். தண்ணீர் மோட்டாருக்குப் பொட்டு. இன்வெர்ட்டருக்குப் பொட்டு. வைஃபை ரூட்டரில் பச்சை விளக்குகள் மினுக்குகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. காருக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று, முகப்பில் சாமந்தி மாலை, நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால் லிஃப்ட்டுக்கும் மாலை உண்டு. அந்த லிஃப்ட்டில் ஏறக் கூடாது, சர்வீஸ் லிஃப்ட்டில் வா என்று சொல்லிவைத்திருக்கும் சிலருக்குத்தான் ஒன்றும் கிடையாது. அவர்களுக்கு ஒரு பாக்கெட் பொரி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆயுத பூஜை மேல் எனக்கு விரோதம் எதுவும் இல்லை. நம் பண்டிகைகளிலேயே புத்தியுள்ள பண்டிகை அதுதான் என்றுகூடச் சொல்வேன். சோறு போடுகிற கருவிக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்து, துடைத்து, எண்ணெய் போட்டு, முன்னால் நின்று கைகூப்புவதில் என்ன குற்றம்? வாளைக் கழுவி மங்கலம் பாடுகிற வழக்கம் தமிழுக்குப் புதிதல்ல. வாண்மங்கலம் என்று தொல்காப்பியமே அதற்குத் துறை வகுத்திருக்கிறது. பாண்டவர்கள் வன்னி மரத்தில் ஒளித்துவைத்த ஆயுதங்களின் கதை எல்லாருக்கும் தெரியும். தச்சர் தன் உளியையும் இழைப்புளியையும் அடுக்கி வைக்கிறார். தையற்காரர் மிஷினுக்குப் பூ சாத்துகிறார். பிளாட்பாரத்தில் செருப்புத் தைப்பவர்கூட அன்றைக்குக் குத்தூசியையும் உளியையும் கழுவி, சாக்கின் மேல் பரப்பி, ஒரு வாழைப்பழத்தில் ஊதுவத்தியைச் செருகி வைத்திருப்பார். அந்தப் பூஜையில் பொய் கிடையாது. கருவியைப் பிடிக்கிற கையும் கற்பூரம் காட்டுகிற கையும் அங்கே ஒன்று.

வம்பு வருவது வேறு வீட்டில். கருவியைப் பிடிக்கிற கை ஒருவருடையது, பூஜை போடுகிற கை இன்னொருவருடையது என்று ஆகிவிட்ட வீட்டில். அதாவது உங்கள் வீட்டில், என் வீட்டில், மாதச் சம்பளத்துக்கு இன்னொரு பெண்ணை வைத்துக்கொண்டு பண்டிகை கொண்டாடுகிற நடுத்தர வர்க்கத்து வீடுகள் அத்தனையிலும்.

நவராத்திரிக்கு வீடு தயாராகிற விதத்தைப் பாருங்கள். பரண் மேலிருந்து கொலுப் பெட்டியை இறக்க வேண்டும். ஒட்டடை அடிக்க வேண்டும். ஜன்னல் கம்பி ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். பழைய வேட்டியிலும் செய்தித்தாளிலும் சுற்றிய பொம்மைகளைப் பிரித்துத் தூசு தட்ட வேண்டும். குத்துவிளக்கு, தாம்பாளம், பஞ்சபாத்திரம், பித்தளைக் குடம் என்று ஒரு மலை பின்கட்டில் குவியும். புளியோ பீதாம்பரியோ போட்டு அத்தனையையும் பொன்னாக மாற்ற வேண்டும். "நாளைலேர்ந்து கொஞ்சம் சீக்கிரம் வந்துடும்மா, நவராத்திரி பாரு" என்கிற ஒரு வாக்கியத்தில் இந்த மொத்த வேலையும் அடங்கிவிடும். அந்த "கொஞ்சம்" என்பதற்கு அளவு கிடையாது. சம்பளமும் கிடையாது.

விளக்கெல்லாம் பளபளத்துக் கவிழ்த்து வைத்தாயிற்றா? இப்போது வீட்டம்மா வருவார். வேலை செய்கிற அம்மா தேய்த்த விளக்கை எடுத்து, குழாயைத் திறந்து, மறுபடியும் ஒரு தடவை தண்ணீர் விட்டு அலசுவார். அழுக்கு இருக்கிறது என்பதற்காக அல்ல. அழுக்கு துளிகூட இல்லை. கை பட்டிருக்கிறது. யாராவது கேட்டால் ஹைஜீன் என்பார். சொல்லிவிட்டு, அதே குழாயடியில் நேற்று அதே கை கழுவி வைத்த தட்டில் மத்தியானம் சாப்பிடுவார். அவர் சாப்பிடலாம், சாமிக்குத்தான் ஆகாது. சாமியின் உடம்பு அவ்வளவு நோஞ்சான்.

பூஜை அறையில் எல்லாப் பொருளிலும் தெய்வம் இருக்கிறது என்பதுதானே இந்தப் பண்டிகையின் அடிப்படை? நான் நாத்திகம் பேச வரவில்லை. நீங்கள் சொல்வதை அட்சரம் பிசகாமல் நம்பித்தான் கேட்கிறேன். அரிவாள்மணையில் தெய்வம் இருந்தால், அதில் தினமும் காய் நறுக்குகிறவர் தினமும் தெய்வத்தைத் தொடுகிறவர். துடைப்பத்தில் லட்சுமி இருந்தால், லட்சுமியோடு அதிக நேரம் கைகோத்து நடப்பவர் யார்? தெய்வத்தைத் தொட்ட கை பட்டால் விளக்கு எப்படி அசுத்தமாகும்? சாஸ்திரம் தெரிந்தவர்கள் யாராவது இதற்குப் பதில் எழுதினால் நான் ஒன்பது நாளும் விரதம் இருக்கிறேன்.

கொலுப்படிக்கு வருவோம். ஒற்றைப்படையில் படி கட்டி, ஓரறிவு உயிரிலிருந்து தேவர்கள் வரைக்கும் ஏறுவரிசையில் அடுக்க வேண்டும் என்று தத்துவம் சொல்வார்கள். மேல்படியில் கலசம், மரப்பாச்சி. கீழ்ப்படிகளில் கிராமத்துக் காட்சி. விளாச்சேரியிலும் பண்ருட்டியிலும் காஞ்சிபுரத்திலும் செய்து, மயிலாப்பூர் மாடவீதியில் வந்து குவியும் அந்தப் பொம்மைகளின் அழகைச் சொல்லி முடியாது. கடை விரித்த செட்டியார், பானை வனைகிறவர், துணி வெளுக்கிறவர், கூடையோடு காய்கறிக்காரி, செருப்புத் தைக்கிறவர். மண்ணில் செய்த காய்கறிக்காரி மூன்றாம் படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குச் சாயங்காலம் ஆரத்தி. வெள்ளிக்கிழமை விசேஷ ஆரத்தி. மாமிகள் அவள் முன்னால் உட்கார்ந்து பாடுகிறார்கள். ரத்தமும் சதையுமான காய்கறிக்காரி வாசலில் கூடையை இறக்கி, "அம்மா, கொஞ்சம் தண்ணி குடேன்" என்றால் வீட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் சொம்பு தேடப்படுகிறது. மண்ணாக இருந்தால் நடு ஹாலில் இடம் உண்டு. மூச்சுவிட்டால் வாசற்படியோடு நிற்க வேண்டும். செருப்புத் தைக்கிற பொம்மைக்குக் கற்பூர ஒளி. செருப்புத் தைக்கிற மனிதரை இந்த வீட்டுக் கூடத்தில் யாராவது பார்த்திருக்கிறீர்களா?

அடுத்தது வெற்றிலை பாக்கு. கொலுவுக்கு வருகிற பெண்களுக்குச் சுண்டலோடு தாம்பூலம் கொடுக்க வேண்டும். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், சீப்பு, கண்ணாடி, தேங்காய், ஒரு ரவிக்கைத் துணி. இந்த ரவிக்கைத் துணியைப் பற்றி யாராவது முனைவர் பட்ட ஆய்வு செய்ய வேண்டும். இதைத் தைத்துப் போட்டுக்கொண்டவர் இந்தப் பூமியில் இல்லை. ஒரு வீட்டிலிருந்து கிளம்பி, தெருத் தெருவாகப் போய், மூன்று வருடம் கழித்து அதே மடிப்போடு அதே வீட்டுக்குத் திரும்பி வரும். அதில் ஒரு தமாஷ் இருக்கிறது; சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அலமாரியில் இரண்டு அடுக்கு இருக்கிறது. ஒரு அடுக்கு மனிதர்களுக்கு. இன்னொரு அடுக்கு, எவர் கையில் கொடுத்தால் திரும்பி வராதோ அவர்களுக்கென்று, சாயம் போகிற துணியாகப் பார்த்து வாங்கி வைத்தது. ஜவுளிக்கடையில் நின்று பாருங்கள்: "வேலைக்காரிக்குக் குடுக்கற மாதிரி ஒரு புடவை காட்டுங்க." கடைக்காரப் பையனுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. கை தன்னால் கீழ்த்தட்டுக்குப் போகும். அந்தத் துணிக்கட்டை நெசவாளரும் தனியாக நெய்யவில்லை, மில்லும் தனியாக அச்சடிக்கவில்லை. நாம்தான் அதற்கு ஒரு சாதி கற்பித்து அந்தத் தட்டில் வைத்திருக்கிறோம்.

கருவிகளுக்கும் சாதி உண்டு என்பது ஒன்பதாம் நாள் பூஜை அறையில் தெளிவாகத் தெரியும். உச்சியில் புத்தகம். அதற்கு அடுத்து பேனா, லேப்டாப், கணக்கு நோட்டு. சற்றுக் கீழே கத்தரிக்கோல், சுத்தியல், ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர். அரிவாள்மணை ஓரத்தில். துடைப்பத்தை உள்ளே கொண்டுவர மாட்டார்கள். அது இருக்கிற பின்கட்டுக்கே போய் தூரத்திலிருந்து இரண்டு சொட்டுச் சந்தனம் தெளித்துவிட்டு வருவார்கள். கழிவறை பிரஷ் அழைப்பிதழே இல்லாத சொந்தம். புத்தகம் ஒரு நாள் திறக்காமல் இருந்தால் வீடு கெட்டுப்போகாது. வருடம் முழுக்கத் திறக்காத வீடுகளே சுகமாகத்தான் இருக்கின்றன. கழிவறை பிரஷ் ஒரு வாரம் ஓய்வெடுத்தால் தெரியும், உண்மையான ஆயுதம் எது என்று. ஆயுதத்தை அடுக்குகிற வரிசையே அதைப் பிடிக்கிறவர்களை அடுக்கி வைத்திருக்கிற வரிசை. மனு வேறெங்கும் போகவில்லை; மனையில் கோலம் போட்டு உட்காரவைத்திருக்கிறோம்.

புத்தகம் என்றதும் பாரதி நினைவுக்கு வருகிறார். ஏட்டை அடுக்கிப் பூவும் சந்தனமும் சாத்துகிற இந்தச் சடங்கை, சரஸ்வதி மேல் பாடிய பாட்டிலேயே அவர் வெளுத்து வாங்கியிருக்கிறார். அவர் போய் நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாம் என்ன செய்கிறோம் தெரியுமா? புத்தகத்தை அடுக்கி, பூவும் சந்தனமும் சாத்தி, பின்னணியில் அந்தப் பாட்டையே ஸ்பீக்கரில் போட்டுக் கண்மூடி ரசிக்கிறோம். ராகம் நன்றாக இருக்கிறது என்கிறோம்.

துடைப்பத்துக்கு ஒரே ஒரு முறை ராஜயோகம் அடித்தது. 2014 அக்டோபர் 2. தமிழ்நாட்டில் அன்றைக்கு ஆயுத பூஜை. நாடு முழுக்கக் காந்தி ஜெயந்தி. தூய்மை இந்தியா திட்டத்தைப் பிரதமர் டெல்லி வால்மீகி காலனியில் துடைப்பம் பிடித்துத் தொடங்கிவைத்த நாளும் அதுவே. அமைச்சர்கள் துடைப்பம் எடுத்தார்கள். நடிகர்கள் எடுத்தார்கள். பெரிய பெரிய அதிகாரிகள், காலையில் கடையிலிருந்து வாங்கிய, காம்பில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். சில வாரம் கழித்து, சுத்தமாக இருந்த இடத்தில் சருகைக் கொட்டிவிட்டு அதைத் தலைவர்கள் பெருக்கிய படங்கள் டெல்லியில் வெளியாகிச் சந்தி சிரித்தது. அந்தச் சருகைக் கொண்டுவந்து கொட்டியவர் யார்? ஒரு தூய்மைப் பணியாளர்தான். பெருக்கிய இடத்தில் கொட்டச் சொல்லி ஒரு கூலி, கொட்டியதைப் பெருக்கச் சொல்லி ஒரு விழா. இதைவிடப் பெரிய ஆயுத பூஜையை நான் கண்டதில்லை.

சரி, வீட்டு வேலைக்குக் கூலி என்ன? 2018-இல் தமிழக அரசு வீட்டுப் பணியாளருக்குக் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்தபோது கடைசிப் படியில் வைத்த தொகை மணிக்கு 37 ரூபாய். தேர்ச்சி தேவைப்படாத வேலை என்று அந்தப் படிக்குப் பெயர். தேர்ச்சி வேண்டாமாம். ஒரு பித்தளைக் குத்துவிளக்கை எடுத்து, பிடியில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை நீங்களே தேய்த்துப் பாருங்கள். நகம் கறுத்து, முழங்கை வலித்த பிறகு தேர்ச்சியைப் பற்றிப் பேசலாம். பூஜைக்கு முந்தின நாள் மல்லிகை ஒரு முழம் 37 ரூபாய்க்குத் தருகிற பூக்காரர் யாராவது இருந்தால் எனக்கும் சொல்லுங்கள். அந்தப் பூவை மிஷினுக்குச் சூட்டப் பேரம் பேசாமல் வாங்குகிறோம். அந்த அம்மா மாதம் ஐந்நூறு ரூபாய் கூட்டிக் கேட்டால், "எல்லாரும் இப்படியே கேட்டா நாங்க எங்க போறது?" என்று அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் மாநாடு கூட்டுகிறோம்.

போனஸ் கதையும் இதேதான். 1965-ஆம் வருடத்து போனஸ் சட்டம் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்றது. கணக்குப் போட்டால் வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம். ஆனால் தொழிற்சாலைக்கும், 20 பேராவது வேலை செய்கிற நிறுவனத்துக்கும்தான் அந்தச் சட்டம் இருந்தது, வீட்டுக்குக் கிடையாது. தன் கம்பெனியில் போனஸ் ஒரு சதவீதம் குறைந்தால் கேட்டில் நின்று கோஷம் போடுகிற அதே ஐயா, வீட்டுக்கு வந்து, "அவளுக்குத்தான் தீபாவளிக்குப் புடவை எடுத்துக் குடுக்கறோமே" என்கிறார். எந்தத் தட்டுப் புடவை என்பது நமக்குத் தெரியும். வீட்டுப் பணியாளருக்குக் கண்ணியமான வேலை வேண்டும் என்று 2011-இல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 189-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியபோது இந்தியா கைதூக்கி ஆதரித்தது. ஆதரித்துவிட்டு ஊருக்கு வந்து, இன்றுவரை அதை ஏற்புறுதி செய்யவில்லை. தூரத்திலிருந்து இரண்டு சொட்டுச் சந்தனம்.

ஒன்பதாம் நாள் அந்த அம்மாவுக்கு விடுமுறை உண்டா? ஆயுதங்களுக்கு உண்டு. அன்றைக்கு மிக்ஸி ஓடக் கூடாது என்று தேங்காய்த் துவையலை முந்தின நாளே அரைத்து வைக்கிற ஆசாரமான வீடுகள் இருக்கின்றன. கத்திக்கு ஓய்வு, தையல் மிஷினுக்கு ஓய்வு, பிள்ளைகளின் புத்தகத்துக்கு ஓய்வு. கருவிகளை ஓட்டுகிறவருக்கு மட்டும் அன்றைக்கு இரண்டு வேளை வேலை. காலையில் வந்து வாசல் கழுவிக் கோலமிட்டு, வடை பாயசத்துக்குப் பாத்திரம் போட்டுக்கொடுத்து, மத்தியானம் பூஜை முடிந்ததும் எச்சில் இலையெடுத்து, சாயங்காலம் சுண்டல் அண்டாவைத் தேய்க்க மறுபடியும் வர வேண்டும்.

"அம்மா, எங்க வீட்லயும் பூஜை போடணும்மா. வூட்டுக்காரரு ஆட்டோவுக்கு மாலை போடணும்."

"போடேன். யார் வேணாம்னா? ஆறு மணிக்கு வந்து தேய்ச்சுக் குடுத்துட்டுப் போய் போடு."

ராத்திரி ஒன்பது மணிக்கு அவர் வீட்டில் விளக்கேறும். கையில் நம் வீட்டுச் சபீனா வாசனையோடு.

அலுவலகப் பூஜையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அரசு அலுவலகங்களில் சாமி படம் வேண்டாம் என்று 1968-இல் அண்ணா ஆட்சியில் சுற்றறிக்கை போனது. அது எந்தக் கோப்பில் இருக்கிறதோ, அந்தக் கோப்புக்கும் வருடா வருடம் சந்தனம் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டருக்குப் பொட்டு, ரப்பர் ஸ்டாம்ப்புக்குப் பொட்டு. அங்கே நிஜமாகவே சம்பாதித்துக் கொடுக்கிற கருவி மேசையின் இழுப்பறை. அதற்குப் பொட்டு வைத்த நேர்மையாளர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

பூசணிக்காயை விட்டுவிட முடியாது. கல்யாணப் பூசணியில் ஓட்டை போட்டு, குங்குமத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து ஊற்றி, சில்லறை போட்டு, மேலே கற்பூரம் ஏற்றி, காரைச் சுற்றி, வீட்டைச் சுற்றி, கடைசியில் நடுரோட்டில் போட்டு உடைக்கிறோம். நம் வீட்டுக் கண்ணேறு ஊர்ப் பொதுச்சாலையில் ரத்தக் கலரில் வழிகிறது. அந்த வழுக்கலில் இருட்டில் வருகிற இருசக்கர வண்டி சறுக்குகிறது. சாலையில் உடைக்காதீர்கள் என்று காவல்துறை வருடா வருடம் கெஞ்சுகிறது. காவல் நிலைய ஜீப்புக்கும் அன்றைக்குப் பூசணி சுற்றுகிறார்கள் என்பதால் நாம் அதைப் பொருட்படுத்துவதில்லை. நம் கார் பத்திரமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அடுத்தவன் முழங்காலை உடைப்பதற்குப் பெயர் பக்தி. உடைந்த ஓட்டுக்குள் கிடக்கும் நாணயத்தைப் பொறுக்க எந்தக் குழந்தை ஓடி வருகிறது என்று என்றாவது நின்று பார்த்திருக்கிறீர்களா? நம் வீட்டுத் திருஷ்டியை அந்தப் பிள்ளை தலையில் இறக்கிவிட்டு, "ஒட்டிக்காம இருந்தா சரி" என்று திரும்பிப் பார்க்காமல் கேட்டைச் சாத்திக்கொள்கிறோம். கால் கழுவிக்கொண்டு வேறு உள்ளே போகிறோம்.

விடிந்தால் விஜயதசமி. பிள்ளைகளை நெல்லில் அ எழுதவைக்க நாம் கிளம்புகிற நேரத்தில், தெருவில் ஒருவர் குனிந்து நம் பூசணிச் சதையை அள்ளிக்கொண்டிருப்பார். வாழைக்கன்று, வாடிய மாலை, நசுங்கிய எலுமிச்சம்பழம், பொரி மூட்டை மூட்டையாக. சென்னையில் இந்தத் தூய்மைப் பணியாளர்கள் 2025 ஆகஸ்ட் மாதம் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே, பணி நிரந்தரம் செய் என்று கேட்டார்கள். பெரும்பாலும் பெண்கள். மழையிலும் வெயிலிலும் அந்தப் பிளாட்பாரத்திலேயே கிடந்தார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில், நீதிமன்ற உத்தரவைக் காட்டி, போலீஸ் அவர்களைத் தூக்கிப் பேருந்துகளில் ஏற்றியது. இரண்டு நாளில் சுதந்திர தினம் வரவிருந்தது. அந்த வருடம் ஆயுத பூஜை அக்டோபர் 1. வழக்கம்போல நகரத்தின் குப்பை லாரிகளுக்கு மாலை ஏறியது. லாரியைத் தூக்கி நள்ளிரவில் எங்கும் வீசவில்லை. லாரிக்கு மரியாதை இருக்கிறது.

இதற்கும் கீழே ஒரு படி இருக்கிறது. எந்தக் கொலுவிலும் அந்தப் படி கிடையாது; அது தரைக்குக் கீழே இருக்கிறது. வாளி, கயிறு, மூங்கில் கழி. இந்த ஆயுதங்களுக்கு எந்த வீட்டிலும் சந்தனம் வைத்ததில்லை. மலக்குழிக்குள் மனிதனை இறக்கக் கூடாது என்று 2013-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. உள்ளாட்சிக்கு மட்டுமல்ல, வீட்டுச் சொந்தக்காரருக்கும் அது பொருந்தும். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்கினால் முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை. உச்ச நீதிமன்றம் 2014-இல் இப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. விலையை ஏற்ற முடிந்தது, சாவை நிறுத்த முடியவில்லை. இந்தச் சாவுகளைப் பற்றி நாடாளுமன்றத்தில் கணக்கு வைக்கப்படும்போதெல்லாம் முதல் வரிசையில் இருக்கிற மாநிலம் எது தெரியுமா? சமூகநீதி மண் என்று மேடைக்கு மேடை மார்தட்டுகிற நம் மாநிலம்தான்.

அந்தக் குழி எங்கேயோ இருக்கிற குழி அல்ல. பண்டிகைக்கு விருந்தாளி வருவார்கள், தொட்டி நிரம்பி நாற்றமடிக்கக் கூடாது என்று நாம் யோசிக்கிறோமே, அந்தக் குழி. லாரி வந்து உறிஞ்சினால் இவ்வளவு, ஆள் வந்து இறங்கினால் அதில் பாதி என்று சங்கச் செயலாளர் கணக்குச் சொல்கிறாரே, அந்தக் குழி. மிச்சமான பாதியில் லிஃப்ட்டுக்கு இன்னும் கனமாக ஒரு மாலை வாங்கலாம். குழியில் இறங்கி மேலே வராமல் போனவர்களின் சாதியை யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. நம் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் தொலைபேசியை எடுக்கிறோம். இந்த ஒரு வேலைக்கு மட்டும் எந்த மேல்சாதிக்காரரும் இடஒதுக்கீட்டை எதிர்த்து வழக்குப் போட்டதில்லை.

இந்துப் பண்டிகை என்றால்தான் உனக்கு வாய் நீளும் என்று சிலர் கிளம்புவார்கள். கிளம்பட்டும். பண்டிகையைக் கேலி செய்தது யார்? நானா? கருவியில் தெய்வம் உண்டு என்று காலையில் கற்பூரம் ஏற்றிவிட்டு, அந்தக் கற்பூரம் அணைவதற்குள் கருவியைப் பிடித்த மனிதரைப் பின்வாசல் வழியாக அனுப்புகிறவர்தான் கேலி செய்கிறார். மிகப் பெரிய நாத்திகர் அவர்தான். பெரியார்கூட அவரிடம் தோற்றுப்போவார்.

வருகிற நவமிக்கு வேண்டுமானால் இதைச் செய்யுங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மாவுக்கு நவமியும் தசமியும் சம்பளம் பிடிக்காமல் விடுமுறை கொடுங்கள். சுண்டல் அண்டாவை நீங்களே தேயுங்கள். வீட்டு ஆண்கள் தேய்த்தால் இன்னும் நல்லது. ஒரு மாதச் சம்பளத்தை போனஸாகக் கையில் கொடுங்கள், புடவையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சம்பளத்தை அவர் கேட்பதற்கு முன்னால் உயர்த்துங்கள். கொலுவுக்குக் கூப்பிடுங்கள், கூடத்தில் உட்காரவைத்து, மற்றவர்களுக்குக் கொடுத்த அதே தாம்பூலத்தைக் கொடுங்கள். அவர் தேய்த்த விளக்கை அலசாமல் ஏற்றுங்கள். பூசணிக்காயில் கூட்டு வையுங்கள். கழிவுத் தொட்டிக்கு லாரியைக் கூப்பிடுங்கள். செயலாளர் மறுத்தால் சட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள். இதில் ஒன்றுகூட முடியாது என்றால் அன்றைக்குப் பூஜை போடாதீர்கள். எந்த மிஷினும் கோபித்துக்கொள்ளாது.